உங்க வெப்சைட் எந்த ‘டாட் நெட்’ வெர்ஷனில் ஓடுது? ஹோஸ்டிங் வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

டாட் நெட் 8, டாட் நெட் 9 ஆகிய இரண்டு பதிப்புகளுக்கும் ஒரே நாளில், 2026 நவம்பர் 10-ம் தேதியுடன் மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு முடிகிறது. உங்கள் இணையதளம் இதில் சிக்குமா? ஹோஸ்டிங் நிறுவனத்திடம் என்ன கேட்க வேண்டும்? முழு விவரம் இதோ.

காலையில் கடையைத் திறந்து, வழக்கம்போல இணையதளத்தில் வந்த ஆர்டர்களைப் பார்க்கப் போறீங்க. தளமே திறக்கவில்லை. ‘500’ என்று தொடங்கும் ஏதோ ஒரு எண்ணுடன் வெள்ளைப் பக்கம் மட்டும் வருகிறது. தளத்தை உருவாக்கித் தந்த டெவலப்பருக்குப் போன் போட்டால், "நான் ரெண்டு வருஷமா அந்தக் கோடைத் தொடவே இல்லையே சார்" என்கிறார். ஹோஸ்டிங் நிறுவனத்தைக் கேட்டால், "எங்க சர்வர் நல்லாத்தான் ஓடுது. போன வாரம்தான் அப்கிரேடு பண்ணினோம்" என்கிறார்கள்.

இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். கோடு மாறவில்லை, சர்வரும் பழுதாகவில்லை. ஆனால் கோடு எதிர்பார்க்கும் பதிப்பு ஒன்று, சர்வரில் இப்போது இருக்கும் பதிப்பு வேறொன்று. இணையதளம் வைத்திருக்கும் பலருக்கும் இந்தப் பதிப்பு எண் என்னவென்றே தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் அதுவரை வந்திருக்காது.

சரி, ஏஎஸ்பி டாட் நெட் என்றால் என்ன?

நீங்கள் ஒரு இணையதளத்தில் லாக்-இன் செய்கிறீர்கள், பொருளைத் தேடுகிறீர்கள், பணம் கட்டுகிறீர்கள். இந்த வேலைகளில் முக்கியமானவை உங்கள் போனில் நடப்பதில்லை. எங்கோ இருக்கும் சர்வரில்தான் நடக்கின்றன. அந்த சர்வரில் ஓடும் நிரல்களை எழுதுவதற்கு மைக்ரோசாஃப்ட் உருவாக்கிய கட்டமைப்புதான் ஏஎஸ்பி டாட் நெட். பிஎச்பி, ஜாவா போன்றவை செய்யும் அதே வேலைதான்.

முகவரியின் கடைசியில் ‘டாட் ஏஎஸ்பிஎக்ஸ்’ என்று முடியும் பக்கங்களைப் பார்த்திருப்பீர்கள். அவை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

போனில் ஒரு ஆப்பை இன்ஸ்டால் செய்யும்போது, "இந்த ஆப் உங்கள் ஆண்ட்ராய்டு பதிப்பில் இயங்காது" என்று சில நேரம் வரும் இல்லையா? அதே கதைதான் இங்கேயும். உங்கள் இணையதளம் ஒரு ஆப் என்றால், ஹோஸ்டிங் சர்வர்தான் போன். அந்த சர்வரில் எந்த டாட் நெட் பதிப்பு இருக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் உங்கள் தளம் ஓடும். போனில் எதை அப்டேட் செய்வது என்பதை நீங்கள் முடிவு செய்யலாம். ஷேர்டு ஹோஸ்டிங்கில் அந்த முடிவை எடுப்பது ஹோஸ்டிங் நிறுவனம்.

பேரு ஒண்ணு, குடும்பம் ரெண்டு!

குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. ‘டாட் நெட்’ என்ற ஒரே பெயரில் இரண்டு தனித்தனிக் குடும்பங்கள் இருக்கின்றன.

முதலாவது, டாட் நெட் ஃபிரேம்வொர்க். 2002-ல் வந்தது. விண்டோஸ் சர்வரில் மட்டுமே ஓடும். 1.0-ல் தொடங்கி 4.8.1 வரை போனது.

இரண்டாவது, டாட் நெட் கோர். 2016 ஜூனில் வந்தது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். திறந்த மூல மென்பொருள். 3.1-க்குப் பிறகு ‘கோர்’ என்ற சொல்லை விட்டுவிட்டு டாட் நெட் 5, 6, 7, 8, 9, 10 என்று போகிறது. ஆனால் இணையதளங்களுக்கான பகுதியை மட்டும் இன்றும் ‘ஏஎஸ்பி டாட் நெட் கோர்’ என்றே அழைக்கிறார்கள்.

"3.1-க்கு அப்புறம் நேரா 5 எப்படி வந்தது, 4 எங்கே போச்சு?" என்று கேட்கலாம். பழைய குடும்பத்தில் ஏற்கெனவே 4.0, 4.5, 4.8 என்று வரிசையாக இருந்ததால், குழப்பம் வேண்டாம் என்று புதிய குடும்பத்தில் 4-ஐ விட்டுவிட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, 4.8-ன் அடுத்த அப்டேட் டாட் நெட் 5 கிடையாது. எண் பெரிதாக இருப்பதால் சர்வரில் 10 போட்டால் 4.8 தளமும் ஓடிவிடும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். இரண்டும் வேறு வேறு இன்ஜின்கள்.

பழைய குடும்பம்: பேனலில் 2.0, 4.0 மட்டும் ஏன் தெரியுது?

விண்டோஸ் ஹோஸ்டிங் வாங்கி கன்ட்ரோல் பேனலைத் திறந்தால், ஏஎஸ்பி டாட் நெட் பதிப்பு என்ற இடத்தில் பெரும்பாலும் 2.0, 4.0 என இரண்டு தேர்வுகள்தான் இருக்கும். "4.8 சப்போர்ட் இருக்குன்னு சொல்லித்தானே வித்தாங்க, இங்கே 4.0-ன்னு இருக்கே?" என்று பலரும் பதறுவது இதைப் பார்த்துத்தான்.

பதற வேண்டாம். அங்கே தெரிவது அடிப்படை இன்ஜினின் எண். பழைய குடும்பத்தில் இன்றும் புழக்கத்தில் இருப்பவை இரண்டே இன்ஜின்கள்.

• 2.0 இன்ஜின்: இதில் ஓடுபவை 2.0 (2005), 3.0 (2006), 3.5 (2007) ஆகிய மூன்று பதிப்புகள்.
• 4.0 இன்ஜின்: இதில் ஓடுபவை 4.0 (2010), 4.5 (2012), 4.6 (2015), 4.7 (2017), 4.8 (2019), 4.8.1 (2022) ஆகியவை.

அதாவது, 3.5-க்கு எழுதிய தளம் என்றால் பேனலில் 2.0-ஐத் தேர்வு செய்ய வேண்டும். 4.8-க்கு எழுதியது என்றால் 4.0. இந்தத் தேர்வு நடக்கும் இடத்துக்கு ‘அப்ளிகேஷன் பூல்’ என்று பெயர். மைக்ரோசாஃப்ட்டின் இணைய சர்வரான ஐஐஎஸ், ஒவ்வொரு தளத்தையும் ஒரு பூலுக்குள் வைத்துத்தான் ஓட்டுகிறது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. 2.0 இன்ஜினும் 4.0 இன்ஜினும் ஒரே சர்வரில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். ஆனால் 4.5, 4.7, 4.8 எல்லாம் அப்படித் தனித்தனியாக இருக்க முடியாது. 4.8-ஐ இன்ஸ்டால் செய்தால், முன்பு இருந்த 4.5-ன் இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். அந்த சர்வரில் உள்ள எல்லா 4 வரிசைத் தளங்களும் அதன் பிறகு 4.8-ல்தான் ஓடும்.

இது தள உரிமையாளருக்கு ஒரு வகையில் நல்ல செய்தி. 4.5-க்கு எழுதிய கோடு பொதுவாக 4.8-ல் ஓடிவிடும். 4.5.2, 4.6, 4.6.1 ஆகிய பதிப்புகளின் ஆதரவு 2022 ஏப்ரல் 26-ல் முடிந்துவிட்டது. ஆனால் உங்கள் தளம் 4.5-க்கு எழுதப்பட்டிருந்தாலும், சர்வரில் 4.8 இருந்தால் பாதுகாப்பு அப்டேட்கள் வந்துகொண்டுதான் இருக்கும். ஆக, பழைய குடும்பத்தில் முக்கியமானது சர்வரில் இருப்பது எது என்பதே.

4.8-தான் பழைய குடும்பத்தின் கடைசிப் பெரிய பதிப்பு என்று மைக்ரோசாஃப்ட் 2019-லேயே சொல்லிவிட்டது. பிறகு வந்த 4.8.1 ஒரு சிறு அப்டேட்தான். அதற்காக 4.8 நாளைக்கே நின்றுவிடாது. அது எந்த விண்டோஸில் இருக்கிறதோ, அந்த விண்டோஸுக்கு ஆதரவு இருக்கும் வரை அதற்கும் ஆதரவு உண்டு. 3.5-க்கு மட்டும் 2029 ஜனவரி 9 என்றும், 4.6.2-க்கு 2027 ஜனவரி 12 என்றும் தனியாகக் கடைசித் தேதி இருக்கிறது.

புதிய குடும்பம்: வருஷா வருஷம் நவம்பர்

புதிய குடும்பத்தின் கணக்கே வேறு. 2020-ல் இருந்து ஒவ்வொரு நவம்பரிலும் ஒரு புதிய பதிப்பு வருகிறது. 6, 8, 10 என இரட்டைப்படை எண்ணில் வருபவற்றுக்கு மூன்று ஆண்டு ஆதரவு. ஒற்றைப்படைப் பதிப்புகளுக்கு முன்பு 18 மாதம்தான் இருந்தது. டாட் நெட் 9-ல் இருந்து அதை 24 மாதமாக உயர்த்துவதாக 2025 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது.

எந்தப் பதிப்புக்கு எதுவரை ஆதரவு?

• டாட் நெட் கோர் 2.1: 2021 ஆகஸ்ட் 21-ல் முடிந்தது
• டாட் நெட் கோர் 3.1: 2022 டிசம்பர் 13-ல் முடிந்தது
• டாட் நெட் 5: 2022 மே 10-ல் முடிந்தது
• டாட் நெட் 6: 2024 நவம்பர் 12-ல் முடிந்தது
• டாட் நெட் 7: 2024 மே 14-ல் முடிந்தது
• டாட் நெட் 8: 2026 நவம்பர் 10 வரை
• டாட் நெட் 9: 2026 நவம்பர் 10 வரை
• டாட் நெட் 10: 2028 நவம்பர் வரை

5-ஐ விட 3.1-க்கும், 7-ஐ விட 6-க்கும் அதிக நாள் ஆதரவு இருந்ததைக் கவனித்தீர்களா? ‘பெரிய எண்தான் அதிக நாள் தாங்கும்’ என்ற கணக்கு இங்கே செல்லாது. 2026 நவம்பர் 10-ல் 8, 9 இரண்டும் ஒன்றாக விடைபெறுகின்றன. அதன் பிறகு 2025 நவம்பரில் வெளியான டாட் நெட் 10-ம், அதற்கு மேல் வருபவையும்தான் ஆதரவில் இருக்கும்.

பழைய குடும்பத்துக்கும் இதற்கும் இன்னொரு பெரிய வித்தியாசம் உண்டு. இங்கே பல பதிப்புகள் ஒரே சர்வரில் அருகருகே இருக்கலாம். ஆனால் 6-க்கு எழுதிய தளம், 8 மட்டும் உள்ள சர்வரில் தானாக ஓடாது. முதல் எண் மாறினால், டெவலப்பர் அதற்கென்று அமைத்திருந்தால் தவிர, தளம் பழைய பதிப்பையே தேடும். கிடைக்காவிட்டால் நின்றுவிடும்.

தொடக்கத்தில் சொன்ன காலை நேரப் பதற்றத்துக்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம். ஹோஸ்டிங் நிறுவனம் பழைய சர்வரில் இருந்து புதிய சர்வருக்குத் தளங்களை மாற்றுகிறது. ஆதரவு முடிந்த பதிப்புகளைப் புதிய சர்வரில் போடவில்லை. அவர்கள் பார்வையில் அது பாதுகாப்பு நடவடிக்கை. உங்கள் பார்வையில் தளம் காலி.

ஆதரவு முடிஞ்சா தளம் நின்னுடுமா?

நிற்காது. அதுதான் ஆபத்து.

2026 நவம்பர் 11-ம் தேதி காலையில் டாட் நெட் 8 தளங்கள் எல்லாம் வழக்கம்போலத் திறக்கும். ஆர்டர் வரும், பில் போடும். ஆனால் அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளுக்கு மைக்ரோசாஃப்ட்டிடம் இருந்து பேட்ச் வராது. ‘ஓடுது’ என்பது வேறு, ‘பாதுகாப்பா ஓடுது’ என்பது வேறு.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. நடந்த மூன்று விஷயங்களைப் பார்க்கலாம்.

2025 அக்டோபர்: ஏஎஸ்பி டாட் நெட் கோரின் உள்ளே இருக்கும் ‘கெஸ்ட்ரல்’ என்ற இணைய சர்வரில் ஒரு ஓட்டை இருப்பதை அறிவித்து, அக்டோபர் 14-ல் பேட்ச் வெளியிட்டது மைக்ரோசாஃப்ட். ஒரு கோரிக்கைக்குள் இன்னொரு கோரிக்கையை ஒளித்து அனுப்பி, பாதுகாப்புச் சோதனைகளைத் தாண்டிப் போக வழி செய்யும் ஓட்டை அது. அதன் தீவிர மதிப்பெண் 10-க்கு 9.9. டாட் நெட் 8-க்கும் 9-க்கும் பேட்ச் வந்தது. 11 மாதங்களுக்கு முன்பே ஆதரவு முடிந்துவிட்ட டாட் நெட் 6-க்கு மைக்ரோசாஃப்ட்டிடம் இருந்து பேட்ச் வரவில்லை.

2010 செப்டம்பர்: பழைய குடும்பத்தில் ஒரு ஓட்டை அம்பலமானது. மறையாக்கம் செய்து வைத்த தகவலை, சர்வர் தரும் பிழைச் செய்திகளை வைத்தே கொஞ்சம் கொஞ்சமாக உடைத்துப் படிக்க முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். வழக்கமான மாதாந்திர அப்டேட்டுக்குக் காத்திருக்காமல், செப்டம்பர் 28-ம் தேதியே அவசரப் பேட்ச் வெளியிட வேண்டியதாயிற்று.

2025 பிப்ரவரி: இது பதிப்பின் தவறு இல்லை, ஆட்கள் செய்த தவறு. ஏஎஸ்பி டாட் நெட் தளங்களில் ‘மெஷின் கீ’ என்று ஒரு ரகசியச் சாவி இருக்கும். சில டெவலப்பர்கள் இணையத்தில் கிடைத்த மாதிரிக் கோடில் இருந்த சாவியையே அப்படியே காப்பி செய்து வைத்துவிட்டார்கள். இப்படி வெளியில் கிடைக்கும் சாவிகள் 3,000-க்கும் மேல் இருப்பதாக மைக்ரோசாஃப்ட் எச்சரித்தது. சாவி தெரிந்தால், தளத்துக்குள் தன்னுடைய கோடையே ஓட விட முடியும். எந்தப் பதிப்பில் இருந்தாலும் இந்தத் தவறுக்குப் பேட்ச் கிடையாது. சாவியை மாற்றுவதுதான் வழி.

பேமென்ட் நின்னு போறதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

ஓட்டை மட்டும்தான் பிரச்னை என்றில்லை. பழைய பதிப்பு, பக்கத்து வீட்டோடு பேச முடியாமல் போவதும் உண்டு.

உங்கள் தளம் பேமென்ட் கேட்வேயுடனோ, எஸ்எம்எஸ் சேவையுடனோ பேசும்போது, அந்தப் பேச்சு டிஎல்எஸ் என்ற பாதுகாப்பு முறையில் நடக்கிறது. 1.0, 1.1 ஆகிய பழைய டிஎல்எஸ் பதிப்புகள் பாதுகாப்பற்றவை என்று ஒதுக்கப்பட்டுவிட்டன. 1.0-ஐக் கைவிட, கார்டு பணப்பரிமாற்றத்துக்கான சர்வதேசப் பாதுகாப்பு விதிமுறை வைத்திருந்த கடைசித் தேதி 2018 ஜூன் 30.

டாட் நெட் 4.6-ல் இருந்துதான் டிஎல்எஸ் 1.2 இயல்பாகவே வேலை செய்யும். 4.5-ல் வசதி இருக்கிறது, ஆனால் கோடில் சொல்லிக்கொடுக்க வேண்டும். 3.5-ல் தனி அப்டேட்டும் அமைப்பு மாற்றமும் தேவை. ‘தளம் நல்லாத் திறக்குது, ஆனா பேமென்ட் மட்டும் போகலை’ என்ற புகார் பழைய தளங்களில் வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டிய இடங்களில் இதுவும் ஒன்று.

எந்த ஹோஸ்டிங்கில் எது ஓடும்?

விலை குறைந்த லினக்ஸ் ஷேர்டு ஹோஸ்டிங்: இது பெரும்பாலும் பிஎச்பி தளங்களுக்கானது. டாட் நெட் ஃபிரேம்வொர்க் தளம் இதில் ஓடவே ஓடாது. ஏஎஸ்பி டாட் நெட் கோர் லினக்ஸில் ஓடும் என்றாலும், ஷேர்டு திட்டங்களில் அதற்கான வசதி பெரும்பாலும் தரப்படுவதில்லை. ‘டாட் நெட் இப்போ லினக்ஸ்லயும் ஓடுமாமே’ என்று நம்பி வாங்கிவிட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள்.

விண்டோஸ் ஷேர்டு ஹோஸ்டிங்: பழைய குடும்பத் தளங்களுக்குப் பொருத்தமான இடம். விண்டோஸ் உரிமக் கட்டணம் சேர்வதால் பொதுவாக விலை கொஞ்சம் கூடுதல். புதிய குடும்பத் தளங்களும் ஓடும். ஆனால் அதற்கான ‘ஹோஸ்டிங் பண்டில்’ என்ற தொகுப்பை சர்வரில் நிறுவனம் போட்டிருக்க வேண்டும். எந்தப் பதிப்பின் பண்டில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

விபிஎஸ்: சர்வரின் ஒரு பகுதி முழுக்க உங்களுடையது. எந்தப் பதிப்பையும் நீங்களே போடலாம். அதே நேரம், மாதாமாதம் பேட்ச் போடும் பொறுப்பும் உங்களுடையதே. ‘வாங்கிப் போட்டாச்சு, இனி அவங்க பாத்துப்பாங்க’ என்ற நினைப்பு இங்கே செல்லாது.

கிளவுட் சேவைகள்: மைக்ரோசாஃப்ட்டின் அஜூர் ஆப் சர்வீஸ் போன்றவற்றில் பதிப்பைப் பட்டியலில் இருந்து தேர்வு செய்யலாம். விண்டோஸ், லினக்ஸ் இரண்டுமே கிடைக்கும்.

இதில் ஒரு குறுக்கு வழியும் இருக்கிறது. புதிய குடும்பத்தில், தளத்தோடு சேர்த்து டாட் நெட்டையும் கட்டி அனுப்பும் முறை ஒன்று உண்டு. சர்வரில் டாட் நெட் 10 இல்லாவிட்டாலும் உங்கள் டாட் நெட் 10 தளம் ஓடும். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போவது மாதிரி. ஆனால் சர்வருக்குப் பேட்ச் போட்டால், கட்டிக்கொண்டு போனதற்கு அது சேராது. டெவலப்பர் ஒவ்வொரு முறையும் புதிய பேட்ச்சுடன் மறுபடி கட்டி ஏற்ற வேண்டும். மேலே சொன்ன 2025 அக்டோபர் ஓட்டைக்கும் இப்படிப்பட்ட தளங்கள் திரும்பக் கட்டித்தான் ஏற்றப்பட வேண்டியிருந்தது.

உங்க தளம் எதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பது?

டெவலப்பரிடம் கேட்பதுதான் எளிய வழி. அவர் கிடைக்கவில்லையா? சில அடையாளங்கள் இருக்கின்றன.

• பக்க முகவரி ‘டாட் ஏஎஸ்பிஎக்ஸ்’ என்று முடிந்தால், அது பழைய குடும்பம்.
• கம்ப்யூட்டர் பிரவுசரில் பக்கத்தின் மூலக் கோடைத் திறந்து ‘வியூஸ்டேட்’ என்ற சொல்லைத் தேடுங்கள். இருந்தால், பழைய குடும்பத்தின் ‘வெப் ஃபார்ம்ஸ்’ முறை.
• பிரவுசரில் சேமிக்கப்பட்டிருக்கும் குக்கீயின் பெயரில் ‘ஏஎஸ்பி நெட் கோர்’ என்று வந்தால், புதிய குடும்பம்.
• சர்வர் அனுப்பும் தகவலில் 2.0.50727 என்ற எண் இருந்தால் 2.0 இன்ஜின். 4.0.30319 என்று இருந்தால் 4.0 இன்ஜின். 4.8 இருந்தாலும் இதே 4.0.30319-தான் வரும், பயப்பட வேண்டாம்.
• பழைய குடும்பத்தின் மஞ்சள் நிறப் பிழைப் பக்கத்தின் அடியில் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் இன்ஜின். ‘ஏஎஸ்பி டாட் நெட் வெர்ஷன்’ என்று இருக்கும் இரண்டாவது எண்தான் சர்வரில் உண்மையில் இருப்பதைக் காட்டும். அது 4.8 என்று தொடங்கினால் நிம்மதி.

இப்படி உங்களுக்குத் தெரிவது எல்லாமே தாக்க நினைப்பவருக்கும் தெரியும். கண்டுபிடித்த பிறகு, பதிப்பு எண்ணையும் பிழை விவரத்தையும் வெளியாட்களுக்குக் காட்டாதபடி அணைத்து வைக்கச் சொல்லுங்கள். அமைப்புக் கோப்பில் ஓரிரு வரி மாற்றினால் போதும்.

எந்தப் பிழைக்கு என்ன அர்த்தம்?

• 500.31: தளம் கேட்கும் டாட் நெட் பதிப்பு சர்வரில் இல்லை. கிட்டத்தட்ட நேரடியாகவே ‘வெர்ஷன் பிரச்னை’ என்று சொல்லும் எண் இது.
• 500.19: அமைப்புக் கோப்பை சர்வரால் படிக்க முடியவில்லை. புதிய குடும்பத் தளத்தில் இது வந்தால், ஹோஸ்டிங் பண்டிலே போடாமல் இருக்க வாய்ப்பு அதிகம்.
• 500.30: தளம் தொடங்கும்போதே விழுந்துவிட்டது. பதிப்பும் காரணமாக இருக்கலாம், டேட்டாபேஸ் இணைப்பும் காரணமாக இருக்கலாம். பதிவுக் கோப்பைப் பார்த்தால்தான் தெரியும்.
• ‘டார்கெட் ஃபிரேம்வொர்க்’ என்ற சொல் புரியவில்லை என்ற பிழை: 4 வரிசைக்கு எழுதிய தளத்தை 2.0 பூலில் வைத்திருக்கிறார்கள். பேனலில் 4.0-க்கு மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

இந்த எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இருவருக்கும் அனுப்புங்கள். "சைட் ஓப்பன் ஆகலை" என்று மட்டும் சொல்வதைவிட, "500.31 வருது" என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது.

ஹோஸ்டிங் நிறுவனத்திடம் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. எந்த விண்டோஸ் சர்வர்? 2012 ஆர்2-வின் வழக்கமான ஆதரவு 2023 அக்டோபர் 10-லேயே முடிந்துவிட்டது. 2016-க்கு 2027 ஜனவரி 12 வரை, 2019-க்கு 2029 ஜனவரி 9 வரை, 2022-க்கு 2031 அக்டோபர் 14 வரை. டாட் நெட் ஃபிரேம்வொர்க் 4.8-ன் ஆயுள் இதை நம்பித்தான் இருக்கிறது.

2. டாட் நெட் ஃபிரேம்வொர்க் 4-ல் சரியாக எது? ‘4.0 சப்போர்ட் உண்டு’ என்ற பதிலோடு விடாதீர்கள். 4.6.2-வா, 4.7.2-வா, 4.8-ஆ என்று கேளுங்கள்.

3. டாட் நெட் 8, 9, 10-ல் எவை இருக்கின்றன? நவம்பரில் புதிய பதிப்பு வந்தால் எத்தனை நாளில் போடுவீர்கள்?

4. பழைய பதிப்பை நீக்கும் முன் எத்தனை நாள் முன்னால் சொல்வீர்கள்? எந்த மெயிலுக்கு? தளத்தை உருவாக்கியவரின் மெயில் முகவரியிலேயே ஹோஸ்டிங் கணக்கு இருந்தால், எச்சரிக்கை உங்களுக்கு வரவே வராது.

5. மாதாந்திரப் பேட்ச் எத்தனை நாளில் போடப்படும்? பதிப்பு புதியதாக இருந்தும் பேட்ச் போடாமல் விட்டால் பயன் இல்லை.

பதில்களை மெயிலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விற்பனைப் பிரிவில் போனில் சொன்னது, பிரச்னை வரும்போது கைகொடுக்காது.

அப்போ இப்ப என்ன பண்றது?

டாட் நெட் 8 அல்லது 9-ல் இருந்தால்: 10-க்கு மாறுவதே சரி. திட்டக் கோப்பில் பதிப்பு எண்ணை மாற்றி, சேர்த்திருக்கும் துணைத் தொகுப்புகளையும் அப்டேட் செய்து, சோதித்துப் பார்க்க வேண்டும். முதலில் ஹோஸ்டிங்கில் 10 இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். கோடை மாற்றிவிட்டு சர்வரைத் தேடக் கூடாது.

டாட் நெட் 6, 7 அல்லது அதற்கும் முந்தைய கோரில் இருந்தால்: நவம்பர் வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் கெடு ஏற்கெனவே முடிந்துவிட்டது. இடையில் 8-ல் நின்று இளைப்பாறாமல் நேராக 10-க்கே போவது நல்லது.

பழைய ஃபிரேம்வொர்க் 4 வரிசையில் இருந்தால்: சர்வரில் 4.8 இருக்கிறதா, விண்டோஸுக்கு ஆதரவு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால், அவசரமாக எதையும் இடித்துக் கட்டத் தேவையில்லை. "உடனே கோருக்கு மாத்தணும், இல்லேன்னா சைட் போயிடும்" என்று யாராவது பெரிய எஸ்டிமேட் கொடுத்தால், ஏன் என்று கேளுங்கள். ‘வெப் ஃபார்ம்ஸ்’ முறை புதிய குடும்பத்தில் கிடையாது. அப்படிப்பட்ட தளத்தை மாற்றுவது என்றால் பக்கங்களைத் திரும்ப எழுதுவதுதான். அது செலவும் நாளும் பிடிக்கும் வேலை. திட்டமிட்டுச் செய்ய வேண்டியது, பயந்து செய்ய வேண்டியது இல்லை.

3.5-ல் இருந்தால்: 2029 வரை நேரம் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். முதலில் பேமென்ட், எஸ்எம்எஸ் இணைப்புகள் டிஎல்எஸ் 1.2-ல் பேசுகின்றனவா என்று பாருங்கள். 4.8-க்கு மாற்றுவது, கோருக்கு மாற்றுவதைவிடப் பொதுவாக எளிது.

எந்த மாற்றமாக இருந்தாலும் தளத்தையும் டேட்டாபேஸையும் பேக்கப் எடுத்து, தனியாக ஒரு சோதனைத் தளத்தில் ஓட்டிப் பார்த்த பிறகே நிஜத் தளத்தில் கை வையுங்கள். பண்டிகை விற்பனை நேரத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ளவே வேண்டாம். 2026-ல் தீபாவளி நவம்பர் 8-ல் வருகிறது. டாட் நெட் 8, 9-ன் கடைசி நாளுக்குச் சரியாக இரண்டு நாள் முன்பு. ஆகவே, தீபாவளி விற்பனையை நம்பியிருக்கும் கடைக்காரர்கள், மாற்றத்தை விற்பனை தொடங்கும் முன்பே முடித்துவிடுவது நல்லது.

இன்று செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். டெவலப்பருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்துக்கும் ஒரே கேள்வியை அனுப்புங்கள்: "என் தளம் எந்த டாட் நெட் பதிப்பில் ஓடுது?" இருவரும் ஒரே பதிலைச் சொன்னால், பாதிக் கவலை தீர்ந்தது. வேறு வேறு பதில் வந்தால், அதைச் சரி செய்ய இதைவிட நல்ல நேரம் இல்லை.